செருப்புக்கு ஓர் அறை

கெடிலம் ஆறு கடலுக்குள் போகப் பார்த்து, கடல் உள்ளே விடாமல் திருப்பி அனுப்ப, போன தண்ணீரெல்லாம் வந்த வழியே ஊருக்குள் திரும்பிய அந்தக் கார்த்திகை மழையில், கெடிலக்கரைத் தெருவில் மாடி இருந்தது ஒரே ஒரு வீட்டுக்குத்தான், அந்த மாடியில் வாடகைக்கு இருந்தவள் மேகலா. மாடி என்றதும் பெரிதாக எதையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். வெளிப்பக்கமாக ஏறும் படிக்கட்டு, படி முடிகிற இடத்தில் நாலு பேர் நெருக்கி நிற்கிற அளவுக்கு ஒரு மேடை, அதற்கு மேலே சன்ஷேடு, பிறகு கதவு, கதவைத் திறந்தால் ஒரு ஹால், ஒட்டினாற்போல் ஒரு சமையற்கட்டு, மூலையில் குளியலறை. மழை பெய்தால் ஹால் ஒழுகும். வருஷா வருஷம் மேகலா கீழே இறங்கிப் போய், "தளம் ஒழுவுதும்மா" என்பாள். ஹவுஸ் ஓனர் விருத்தாம்பாள் வெற்றிலையை ஒரு கன்னத்திலிருந்து இன்னொரு கன்னத்துக்கு மாற்றிக்கொண்டு, "மழ பேஞ்சா ஒழுவத்தான் செய்யும், வெயிலடிச்சாலா ஒழுவும்?" என்று கேட்பாள். அத்தோடு அந்த வருஷத்துப் பேச்சு முடிந்துவிடும்.

மாடிக் கதவுக்கு இடப்பக்கம் எப்போதும் ஒரு ஜோடி ஆண் செருப்பு கிடக்கும். பழுப்பு நிறம், தோல் செருப்பு, பெரிய கால். தெருவுக்கு அது தேவநாதனின் செருப்பு. தேவநாதன் மேகலாவின் வீட்டுக்காரர், வடநாட்டுக்கு லாரி ஓட்டுகிறவர், எல்லோரும் தூங்கிய பிறகு வந்து எல்லோரும் எழுந்திருக்கும் முன் போய்விடுகிறவர், ஸ்டியரிங்கைப் பிடித்தால் வெறுங்காலோடுதான் ஓட்டுவார், அதனால்தான் ஆள் ஊரில் இல்லாதபோதும் செருப்பு வாசலில் இருக்கிறது என்று தெரு தனக்குத்தானே சொல்லிக்கொள்ளும். இதில் பாதியைத்தான் மேகலா சொன்னாள், மீதியைத் தெருவே சேர்த்துக்கொண்டது. உண்மையில் தேவநாதன் என்று ஒருவர் பிறக்கவே இல்லை.

வந்த வரனெல்லாம் தட்டிப்போய், அண்ணன் வீட்டில் அண்ணி முகத்தைப் பார்த்துப் பார்த்துச் சாப்பிட்டு அலுத்து, துணிக்கடையில் சேலைப் பிரிவில் வேலை கிடைத்ததும் தனியாக ஒரு வீடு பிடித்துக்கொள்ளலாம் என்று கிளம்பியவள் அவள். ஏறி இறங்கிய வீடுகளிலெல்லாம் முதல் கேள்வி ஒன்றேதான்: வீட்டுக்காரர் என்ன பண்றார்? வீட்டுக்காரர் இல்லை என்றால் வீடும் இல்லை. விருத்தாம்பாள் வீட்டு மாடி காலி என்று கேள்விப்பட்டு வந்த அன்றைக்கு, வழியில் ஒரு செருப்புக் கடையில் நுழைந்து, ஒன்பதாம் நம்பர், ஆண் செருப்பு என்று கேட்டு வாங்கிப் பையில் போட்டுக்கொண்டாள். அன்று முதல் தினமும் காலையில் அதன் அடியில் கொஞ்சம் மண்ணைத் தேய்ப்பாள், ஒருநாள் நேராக வைப்பாள், ஒருநாள் அவசரமாகக் கழற்றிப் போட்டதுபோல் ஒன்றைக் கவிழ்த்து வைப்பாள். தன்னுடைய நீல ரப்பர் செருப்பை மட்டும் ஒருநாளும் வெளியே விடமாட்டாள். அது வாசலில் இருந்தால் அவள் உள்ளே இருக்கிறாள் என்றும், இல்லையென்றால் இல்லை என்றும் போகிறவன் வருகிறவனுக்கெல்லாம் தெரிந்துவிடும் அல்லவா? பிளாஸ்டிக் பையில் சுற்றிச் சமையல் மேடைக்கு அடியில் வைத்துவிடுவாள். இந்த ஏற்பாடு வெளியே தெரிந்தால் விருத்தாம்பாள் அன்றைக்கே பெட்டியைக் கட்டச் சொல்லுவாள், அந்த ஊரில் இன்னொரு கதவு தனக்குத் திறக்காது என்பதை நினைத்து மேகலா பயந்துகொண்டேதான் இருந்தாள்.

மழை பிடித்துக்கொண்ட அன்று கடைக்கு லீவு விட்டார்கள். மேகலா ஒழுகும் இடங்களுக்கெல்லாம் பாத்திரம் வைத்துவிட்டு, ஜன்னலோரம் உட்கார்ந்து, தெரு வாய்க்காலாகி, வாய்க்கால் ஆறாவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மழை பெய்தது, நின்று பெய்தது, சாய்ந்து பெய்தது, தென்னை மட்டைகளைப் பிய்த்துப் போட்டுவிட்டுப் பெய்தது, கரண்டைப் பிடுங்கிக்கொண்டு பெய்தது, பகலையும் ராத்திரியையும் ஒன்றாகக் கரைத்து ஊர்மேல் ஊற்றிவிட்டுப் பெய்தது. அந்தச் சாம்பல் வெளிச்சத்தில் அவள் திரும்பியபோது, சமையற்கட்டுக்குப் பக்கத்துச் சுவரில் ஒரு கதவு இருந்தது. அந்தச் சுவரில்தான் அவள் காலண்டர் மாட்டியிருந்தாள். காலண்டர் இப்போது கதவில் தொங்கியது. தள்ளிப் பார்த்தாள், திறக்கவில்லை. ஈரத்தில் பலகை உப்பியிருக்கும் என்று நினைத்துக்கொண்டு அரிசி களையப் போனாள்.

முதலில் வந்தது பால்காரர் ஏழுமலை. "மாட்டயெல்லாம் ரயில்வே மேட்டுல கொண்டுபோய்க் கட்டிட்டன், அப்பறம் பாத்தா நான் எங்க நிக்கறதுன்னு தெரியல" என்று சொல்லி, தலையில் சாக்கோடு, இடுப்பு வரை சேற்றோடு வந்து நின்றார். உயிருக்குப் பயந்து ஓடி வந்தாலும் செருப்பைக் கழற்றாமல் ஒரு வீட்டுக்குள் நுழைய நம் ஆட்களுக்குக் கால் வராது. அந்த மழையிலும் ஏழுமலை மேடையில் நின்று, இரண்டு செருப்பையும் கழற்றி, பழுப்புச் செருப்புக்குப் பக்கத்தில் ஒழுங்காக வைத்துவிட்டுத்தான் உள்ளே வந்தார். அவர் தலையைத் துவட்டி முடிப்பதற்குள் ஹாலின் மேற்குச் சுவரில் இன்னொரு கதவு வந்திருந்தது. திறந்து பார்த்தார். ஒரு சின்ன அறை, கயிற்றுக் கட்டில், வைக்கோல் வாசனை, சொட்டு ஈரம் இல்லை. "இது எனக்காம்மா?" என்று கேட்டார். "அப்பிடித்தான் போலருக்கு" என்றாள் மேகலா. ஏழுமலை உள்ளே போய் வேட்டியைப் பிழிந்தார்.

அடுத்து ரிட்டயர்டு கண்டக்டர் கோதண்டபாணியும் அவர் மனைவி சௌந்தரமும் வந்தார்கள். இரண்டு ஜோடி செருப்பு, இரண்டு அறை. கோதண்டபாணியின் செருப்பு, ஓடுகிற பஸ்ஸில் காலை அகட்டி நின்று நின்று ஒரு பக்கமாகத் தேய்ந்திருந்ததால், அவர் அறையின் தரையும் அதே பக்கமாகச் சரிந்திருந்தது. அதில் படுத்ததும் பஸ்ஸில் போவதுபோல் இருக்கிறது என்று அவர் உடனே தூங்கிப்போனார். சௌந்தரம், கல்யாணம் ஆன நாளிலிருந்து தனக்கென்று ஒரு கதவு இல்லாதவள், தன் அறைக்குள் போய்த் தாழ்ப்பாளைப் போட்டாள், எடுத்தாள், மறுபடியும் போட்டாள், பிறகு சாப்பாட்டுக்குத் தவிர வெளியே வரவில்லை. தையல்காரி ஜெசிந்தா, மகள் ரெபேக்காளை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்து சேர்ந்தபோது, சின்னவளின் ஒரு செருப்பு வெள்ளத்தோடு போயிருந்தது. மீதி ஒற்றைச் செருப்புக்கு வீடு பாதி அறை கொடுத்தது. பாதிக் கட்டில், பாதி ஜன்னல், பாதிக் கண்ணாடி. ரெபேக்காள் அந்தக் கண்ணாடியில் தன் பாதி முகத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே இருந்தாள்.

யாரும் இதை அதிசயம் என்று பேசிக்கொண்டிருக்கவில்லை. வெள்ளம் வந்தால் நூறு வேலை இருக்கிறது. யார் அறைக்கு எந்தப் பக்கம் காற்று, ஈரத் துணியை எந்த அறையில் கொடி கட்டிக் காயப்போடுவது, ஜெசிந்தாவின் அறைக்கு ஜன்னல் பெரிதா ஏழுமலையின் அறைக்குப் பெரிதா என்று ஒரு சின்னச் சண்டைகூட வந்தது. கோதண்டபாணி தூங்கி எழுந்ததும் ஹாலில் நின்று, "உள்ள போங்க, உள்ள போங்க, எடம் இருக்கு, வழியில நிக்காதீங்க" என்று எல்லோரையும் ஒழுங்குபடுத்த ஆரம்பித்தார். இருக்கிற அரிசியையும் ரவையையும் மேகலா பொங்க, ஏழுமலை ரயில்வே மேட்டுக்கு நீந்திப் போய்ப் பால் கறந்து வர, ஸ்டவ்வில் டீ கொதிக்க, மழை சுவருக்கு அந்தப் பக்கம் கொட்டிக்கொண்டே இருக்க, எல்லோரும் ஏதோ கல்யாண வீட்டுக்கு வந்து தங்கியவர்கள்போல ஆகிவிட்டார்கள்.

விருத்தாம்பாள் கடைசியில்தான் வந்தாள். கூப்பிட்டவர்களையெல்லாம், "இது என் வீடு, தண்ணிக்குப் பயந்து நான் எதுக்குப் போவணும்?" என்று விரட்டிவிட்டு, பீரோ மிதக்க ஆரம்பித்த பிறகு, வெற்றிலைப் பெட்டியைத் தலைமேல் வைத்துக்கொண்டு படி ஏறினாள். அவள் செருப்பு வாசலிலிருந்து எப்போதோ மிதந்து போய்விட்டது. வெறுங்காலோடு மேடையைத் தாண்டி, வெறுங்காலோடு உள்ளே வந்தாள். ஹாலின் நடுவில் நின்று, புதிதாக வந்திருந்த கதவுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். எல்லோரும் அவளுக்கு எந்தச் சுவரில் கதவு வரப்போகிறது என்று காத்திருந்தார்கள். ஒரு கதவும் வரவில்லை.

"என்னா இது," என்றாள் விருத்தாம்பாள். குரல் இறங்கியிருந்தது. "பால்காரனுக்கு இருக்குது, கண்டக்டருக்கு இருக்குது, புள்ளைக்குக்கூட பாதி இருக்குது. நான் கட்டுன வீட்டுல எனக்கு ரூம் இல்லியா?"

ஜெசிந்தா, "எங்க ரூம்ல படுங்கம்மா, நானும் இவளும் ஒண்ணா படுத்துக்கறோம்" என்றாள். கோதண்டபாணியும் சொன்னார், ஏழுமலையும் சொன்னார். சௌந்தரம் மட்டும் சொல்லவில்லை. விருத்தாம்பாள் எல்லோருக்கும் சேர்த்து ஒரே பதில் சொன்னாள். "என் வீட்டுல நான் இன்னொருத்தர் ரூமுல போயி ஒண்டிப் படுக்கறதா? வேணாம்." பாயை வாங்கி ஹாலில் விரித்தாள். மேகலாவும் அதே ஹாலில்தான் படுத்திருந்தாள், அவளுக்கும் கதவு எதுவும் வந்திருக்கவில்லை, ஆனால் வீட்டில் குடியிருப்பவள் ஹாலில் படுப்பது யார் கண்ணுக்கும் வித்தியாசமாகத் தெரியவில்லை. அவள் கண்ணுக்கே தெரியவில்லை.

திறக்காத அந்தக் கதவைப் பற்றி யாரும் கேட்கவேண்டிய தேவையே இருக்கவில்லை. கோதண்டபாணி காலண்டரையும் கதவையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு, "தேவநாதன் சார் வந்திருக்காரா? செருப்பு வெளிய கெடக்குதே" என்றார். மேகலா வாயைத் திறப்பதற்குள், "பாவம், அசதியில தூங்கறாரு, எழுப்பாதீங்க" என்று அவரே தீர்ப்பும் சொல்லிவிட்டார். அவ்வளவுதான். அதற்குப் பிறகு அந்தக் கதவுப் பக்கம் எல்லோரும் குரலைத் தாழ்த்திப் பேசினார்கள். ஜெசிந்தா, "சத்தம் போடாத, மாமா தூங்கறாங்க" என்று மகளை அடக்கினாள். டீ போடும்போதெல்லாம் தேவநாதனுக்கும் ஒரு டம்ளர் ஊற்றிக் கதவடியில் வைத்தார்கள். யாரும் பார்க்காதபோது மேகலா அதைக் குடித்துவிட்டு டம்ளரைக் கவிழ்த்து வைத்தாள். உப்புமாவிலும் அவருக்கு ஒரு பங்கு வந்தது, அதையும் அவள்தான் தின்றாள். நின்று வேலை செய்து பழகிய உடம்பு, பசி அதிகம், இந்த விஷயத்தில் தேவநாதன் அவளுக்கு நல்ல கணவராகவே இருந்தார். ஏழுமலை ஒருநாள், உள்ளே குறட்டைச் சத்தம் கேட்டது என்று சத்தியம் செய்தார். மேகலாவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. எல்லோரும் அவரவர் அறைக்குப் போன ஒரு மத்தியான இருட்டில், அவளும் அந்தக் கதவில் காதை வைத்துக் கேட்டாள். உள்ளேயும் மழை பெய்வதுபோல் ஒரு சத்தம், அதற்குப் பின்னால் யாரோ மூச்சு விடுவதுபோல், விடாததுபோல். தான் சொன்ன பொய் தன்னை நம்பி உள்ளே வந்து படுத்திருக்கிறதோ என்று அவளுக்குப் பயமாக இருந்தது. அப்படி ஒருவர் நிஜமாகவே இருந்தால் கதவைத் திறந்து என்ன பேசுவார் என்று ஆசையாகவும் இருந்தது.

சூட்சுமம் அவளுக்குப் புரிந்தது ஜெசிந்தாவின் செருப்பால். சாரல் பட்டு ஊறிப்போகிறதே என்று ஜெசிந்தா தன் செருப்பை எடுத்துவந்து ஸ்டவ்வுக்குப் பக்கத்தில் காயவைத்தாள். வைத்த மாத்திரத்தில், துணியை மடிப்பதுபோல், அவள் அறை சத்தமில்லாமல் மடிந்து சுவருக்குள் போயிற்று. ஜெசிந்தா கவனிக்கவில்லை, மகளுக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள். மேகலா கவனித்தாள். செருப்பைத் தூக்கிக்கொண்டு ஓடி வாசலில் வைத்தாள். சுவர் விரிந்து கதவு திரும்ப வந்தது. ஏழுமலை செருப்பை மாட்டிக்கொண்டு பால் கறக்கப் போகும்போதெல்லாம் அவர் அறையும் மறைந்ததைப் பார்த்து, ஆள் போனால் அறையும் போய்விடுகிறது என்றுதான் அதுவரை எல்லோரும் பேசிக்கொண்டிருந்தார்கள். வீட்டுக்கு ஆளைத் தெரியவில்லை. அதற்குத் தெரிந்ததெல்லாம் வாசலில் என்ன கிடக்கிறது என்பதுதான். அது பழுப்புச் செருப்பைப் பார்த்தது, தேவநாதனுக்கு முதல் அறையைக் கொடுத்தது. செருப்பை வைத்துத் தெருவை ஏமாற்றிய மேகலா, வீட்டையும் சேர்த்து ஏமாற்றியிருந்தாள்.

இதை யாரிடமும் சொல்ல முடியாது. செருப்புத்தான் அறை என்று சொன்னால் போதும், அடுத்த நிமிஷம் அத்தனை கண்ணும் அந்தப் பழுப்புச் செருப்புக்குப் போகும். அப்படியானால் உள்ளே இருப்பது ஆளா செருப்பா என்று யாராவது கேட்பார்கள். ஏழுமலை கேட்காவிட்டாலும் கோதண்டபாணி கேட்பார், டிக்கெட் இல்லாதவனைப் பிடித்துப் பழகிய மனுஷன்.

மழை விடவில்லை. ஹால் ஒழுகிக்கொண்டே இருந்தது. விருத்தாம்பாள் பாயை இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்கு இழுத்தாள், சொட்டு அங்கேயும் வந்தது. ஜன்னலடிக்கு இழுத்தாள், சாரல் அடித்தது. புதிதாக வந்த அறைகளெல்லாம் சொட்டு ஈரமில்லாமல் உலர்ந்திருக்க, அவள் கையால் கட்டிய பழைய ஹால் மட்டும் நனைந்தது. வருஷா வருஷம் மேகலா ஒழுகுது என்று சொன்ன இடங்களையெல்லாம் அவள் உடம்பே இப்போது ஒவ்வொன்றாகத் தெரிந்துகொண்டது.

பிறகு காய்ச்சல் வந்தது. முதலில் கண் சிவந்தது, பிறகு பல் கிட்டியது, கஷாயம் உள்ளே நிற்கவில்லை. ஜெசிந்தா கையைப் பிடித்து இழுத்துப் பார்த்தாள், ஏழுமலை அப்படியே தூக்கிக்கொண்டு போகிறேன் என்றார், விருத்தாம்பாள் பாயின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. எல்லோரும் சோர்ந்து உட்கார்ந்த பிறகு, சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்து, காறையில் உள்ளங்கையை வைத்து, சுவரிடம் பேச ஆரம்பித்தாள். "எப்பிடிக் கட்டுனன் ஒன்ன. வெயில்ல வெடிச்சிடப் போறியேன்னு காலையும் சாயங்காலமும் கொடங்கொடமா தண்ணி ஊத்துனன். இடுப்புல புள்ள, தலையில கொடம். என்னத் தெரியலியா ஒனக்கு? புள்ள சார்ஜா போயிட்டான், அவரு போயிட்டாரு, நீ ஒண்ணுதான் இருந்த. நீயும் யாருன்னு கேக்கற."

கோதண்டபாணிக்குத் தாங்கவில்லை. "நான் தேவநாதன் சாரை எழுப்பறன். அவரு என் ரூமுக்கு வந்துரட்டும். அது வாடக குடுக்கற ஆளோட ரூம், ஓசி இல்ல, அதுல அம்மா படுத்துக்குவாங்க" என்று கதவருகே போய்க் கையை ஓங்கினார். மேகலா குறுக்கே வந்து நின்றாள். "நான் சொல்றன் சார். அம்மாகிட்ட நான் தனியா பேசிக்கறன். எல்லாரும் கொஞ்ச நேரம் உள்ள இருங்க." கண்டக்டரே அந்தக் குரலுக்குக் கட்டுப்பட்டு உள்ளே போனார். கதவுகள் ஒவ்வொன்றாகச் சாத்திக்கொண்டன.

மேகலா பாயோரம் உட்கார்ந்தாள். விருத்தாம்பாளின் நெற்றியில் கையை வைத்தாள், கொதித்தது. பக்கத்தில் இருந்த குண்டானில் சொட்டு விழுந்துகொண்டிருந்தது. சொல்லாமல் இருந்துவிடலாம், மழை இன்றைக்கோ நாளைக்கோ விட்டுவிடும், வீடு மிஞ்சும் என்று ஒரு மனசு சொன்னது. அந்த மனசைத்தான் அவள் இத்தனை வருஷமாக நம்பி வாழ்ந்திருந்தாள்.

"அம்மா, அந்த ரூமுல யாரும் இல்ல."

"தூங்கறாருன்னாங்களே."

"எப்பவுமே யாரும் இல்லம்மா. எனக்குக் கல்யாணமே ஆவல. அந்தச் செருப்பு, ஒங்ககிட்ட வீடு கேக்க வர்ற வழியில கடையில வாங்குனது. இந்த வீடு செருப்பப் பாத்துத்தான் ரூம் குடுக்குது. ஒங்க செருப்பு தண்ணியோட போயிட்டுது, அதான் ஒங்களுக்கு இல்ல. வேற ஒண்ணும் இல்ல. ஒங்கள அதுக்குத் தெரியாமலா இருக்கும்?"

விருத்தாம்பாள் திரும்பிப் படுத்தாள். காய்ச்சல் கண்ணால் அவளை நெடுநேரம் பார்த்தாள். குண்டான் நிரம்பி வழிய ஆரம்பித்தது.

"அப்ப அந்த டீயெல்லாம்?"

"நான்தான் குடிச்சன்."

"உப்புமா?"

"அதுவும்தான்."

"தெரிஞ்சிருந்தா அன்னிக்கே வெளிய அனுப்பியிருப்பன்," என்றாள் விருத்தாம்பாள்.

"தெரியும்மா. அதனாலதான் சொல்லல."

மேகலா வழிந்த குண்டானைக் கொட்டிவிட்டு மறுபடியும் சொட்டுக்கு அடியில் வைத்தாள். பிறகு விருத்தாம்பாள் கையை ஊன்றி எழுந்து உட்கார்ந்தாள். "ஆள் இல்லாத ரூமுக்கா நான் இத்தினி நாளா குசுகுசுன்னு பேசிட்டு இந்தத் தண்ணியில கெடக்கறன்? எட்றி அந்தச் செருப்ப."

மேகலா வாசலுக்குப் போய்ப் பழுப்புச் செருப்பைக் கொண்டுவந்தாள். அதைத் தூக்கிய உடனே காலண்டர் தொங்கிய கதவு மடிந்து மறைந்தது, காலண்டர் பழையபடி சுவருக்கு வந்தது. விருத்தாம்பாளின் சின்னக் கால்கள் அந்தப் பெரிய செருப்புக்குள் நுழைந்தன. வாங்கிய நாளிலிருந்து அதற்குள் போன முதல் கால் அதுதான். மேகலாவின் தோளைப் பிடித்துக்கொண்டு, சரக்கு சரக்கென்று இழுத்து நடந்து, மேடைக்குப் போய், சாரலில் ஒரு நிமிஷம் நின்று, அடுத்த வீட்டுக்கு விருந்துக்கு வந்தவள்போல் மரியாதையாகச் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே வந்தாள். கதவு அதே இடத்தில் வந்திருந்தது. இந்தத் தடவை திறந்தே இருந்தது. உள்ளே புதுத் தோல் வாசனை, அகலமான கட்டில், ஒருவரும் தலைவைக்காத தலையணை.

உள்ளே போகப் போனவள் நிலைப்படியில் நின்று திரும்பினாள்.

"ஏண்டி, அப்ப ஒன் ரூம் எங்க?"

"எனக்கு ஏதும்மா?"

"ஒனக்குச் செருப்பு இல்ல?"

"இருக்குது. உள்ள வெச்சிருக்கன். எப்பவுமே உள்ளதான்."

விருத்தாம்பாள் அவளை மேலும் கீழும் பார்த்தாள். "இத்தினி வருஷம் வாடக குடுத்திருக்க. நீ இங்க இருக்கறதே இந்த வீட்டுக்குத் தெரியாதே. போ. எடுத்துட்டுப் போயி வாசல்ல விடு." சொல்லிவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டாள்.

மேகலா சமையல் மேடைக்கு அடியில் குனிந்து பிளாஸ்டிக் பையை எடுத்தாள். முடிச்சு இறுகியிருந்தது, பல்லால் கடித்து அவிழ்த்தாள். மேடையில் எல்லோருடைய செருப்புகளும் வரிசையாக நனைந்துகொண்டிருந்தன. ரெபேக்காளின் ஒற்றைச் செருப்பு ஓரத்தில் தனியாக இருந்தது. அதற்குப் பக்கத்தில் தன் நீலச் செருப்பை வைத்தாள். கை உடனே வரவில்லை, தொட்டுக்கொண்டே கொஞ்ச நேரம் குனிந்திருந்தாள். பிறகு விட்டுவிட்டு உள்ளே வந்தாள்.

கிழக்குச் சுவரில் அவளுக்குக் கதவு வந்திருந்தது. பெரிய அறை இல்லை. ஒரு கட்டில், ஒரு ஜன்னல், ஜன்னலுக்கு வெளியே கெடிலம். மேல்தட்டுச் சேலைகளை எட்டி எடுக்க நுனிக்காலில் நின்று நின்று அவள் செருப்பில் விரல் பதிந்த இடங்களைப்போலவே அந்தத் தரையிலும் சின்னச் சின்னப் பள்ளங்கள் இருந்தன, அவள் விரல்கள் போய் அதில் சரியாக உட்கார்ந்தன. மேகலா கட்டிலில் உட்கார்ந்து அழுதாள். சந்தோஷமாக இருந்தது, ஆத்திரமாகவும் இருந்தது, இதற்காகவா இத்தனை வருஷம் என்று இருந்தது. அழுது முடித்து, யாருக்கும் பயப்படாமல், தாழ்ப்பாள் போடாமல் தூங்கினாள்.

அவள் தூங்கும்போது மழை விட்டது. கடல் ஒருவழியாக மனசு மாறி ஆற்றை உள்ளே விட்டது. தெருவில் சேறு தெரிய ஆரம்பித்ததும், தேவநாதன் வழக்கம்போல் எல்லோரும் எழுந்திருக்கும் முன் போய்விட்டார் என்று அவர்களாகவே சொல்லிக்கொண்டு, ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். ஏழுமலை செருப்பை மாட்டியதும் வைக்கோல் வாசனை போயிற்று. ரெபேக்காள் ஒற்றைக் காலில் நொண்டிக்கொண்டே இறங்கினாள், பாதிக் கண்ணாடி அவள் பாதி முகத்தோடு சுவருக்குள் போயிற்று. சௌந்தரம் மட்டும் ஒரு செருப்பை மாட்டிக்கொண்டு இன்னொன்றை மறந்ததுபோல் வாசலிலேயே விட்டுவிட்டு இறங்கப் பார்த்தாள். "இன்னொண்ணு எங்க?" என்று கோதண்டபாணி கேட்டதும், திரும்பி வந்து, மூடப்போகும் அந்தக் கதவை ஒருமுறை பார்த்து, அதையும் மாட்டிக்கொண்டாள். காய்ச்சல் விட்ட விருத்தாம்பாள், "கீழ சேறா இருக்குது" என்று சொல்லிப் பழுப்புச் செருப்பைப் போட்டுக்கொண்டு, மரக்கட்டைபோல் டக் டக்கென்று படி இறங்கிப் போனாள். வீட்டைக் காலி பண்ணு என்றும் சொல்லவில்லை, இரு என்றும் சொல்லவில்லை. மேகலா பெட்டியைக் கட்டவும் முடியாமல், கட்டாமல் இருக்கவும் முடியாமல் ஹாலில் நடந்துகொண்டிருந்தாள்.

மறுநாள் காலை கடை திறந்தது. மேகலா குளித்து, தலை வாரி, மேடையில் கிடந்த தன் நீலச் செருப்பை, வெளிச்சத்தில், தெரு பார்க்கக் குனிந்து மாட்டினாள். பின்னால் அவள் அறை மெல்ல மடிவது அவளுக்குத் தெரிந்தது. சாயங்காலம் வந்து கழற்றினால் விரியும் என்று அவளுக்கு நம்பிக்கையாக இருந்தது. அப்படித்தான் அன்றும் விரிந்தது, அதற்குப் பிறகும். மேலே தளத்தில் கொத்தனார் ஒருவர் உளியால் பழைய தட்டோடுகளைப் பெயர்த்துக்கொண்டிருந்தார். "ஓனரம்மா விடியறதுக்குள்ள ஆள் அனுப்பிட்டாங்க" என்றார்.

படி இறங்கி வந்தவள் கீழ்வீட்டு வாசலில் நின்றுவிட்டாள். சேறு கழுவிவிட்ட வாசல், ஓரத்தில் கோலம்கூடப் போட்டிருந்தது. கதவுக்கு இடப்பக்கம் பழுப்புச் செருப்பு கிடந்தது. ஒன்று நேராக, ஒன்று அவசரமாகக் கழற்றிப் போட்டதுபோல் கவிழ்ந்து. கவிழ்ந்ததன் அடியில் புதிதாகக் கொஞ்சம் மண் தேய்த்திருந்தது.

அப்போது தெருமுனையில் ஏழுமலையின் சைக்கிள் மணி கேட்டது. உள்ளேயிருந்து விருத்தாம்பாளின் குரல், வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு, தணிவாக வந்தது.

"பால்காரன் கேட்டா, ஆளு உள்ள தூங்கறாருன்னு சொல்லிட்டுப் போ."